ரயிலை நிறுத்துகிற மாப்பிள்ளை

நான் கோல் கீப்பர் ஆனதற்குக் காரணம் பரங்கிக்காய்.

விக்கிரமங்கலத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொல்லை இருந்தது. அதில் விளைகிற பரங்கிக்காயை வாரச் சந்தைக்காக அரியலூருக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோவோம். வண்டியின் மேல் என் அக்காள் புருஷன் நிற்பார். அவரை நான் மச்சான் என்பேன். கீழே நான். அவர் மேலிருந்து காயை வீசுவார், நான் பிடித்து எனக்குப் பின்னால் அடுக்குவேன். மச்சானுக்கு நிதானமாக வீசத் தெரியாது. வண்டி காலியானால் டீக்கடைக்குப் போகலாம் என்ற அவசரத்தில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என்று எறிவார். கீழே விழுந்த காயை யாரும் வாங்கமாட்டார்கள், அப்பாவும் சும்மா விடமாட்டார். ஆகவே நான் பாய்ந்து பாய்ந்து பிடித்தேன். கையால் பிடித்தால் நழுவும். நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, விலா எலும்பு தானாகவே தெரிந்துகொண்டது.

ஒரு சந்தை நாளில் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தவர் காய் வாங்க வந்தார். வந்தவர் வாங்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் அரியலூர் பந்தாட்டக் கோஷ்டிக்குக் கேப்டன் என்பது எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லாம் சேர்ந்த கோஷ்டி அது. அவர்களுடைய கோல் கீப்பருக்கு அந்த வாரம்தான் விழுப்புரத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது.

"ஏம்பா, ஞாயித்துக்கெழம சும்மாத்தான இருப்பே?" என்று கேட்டார்.

"ஏர் ஓட்டணுங்க."

"ஒரு நாளு மாடும் ஓய்வெடுக்கட்டும். வந்து பந்து புடி. நெஞ்சுக்கு நேரா வர்றது எதையும் விடாதே. அவ்வளவுதான் வேலை."

மச்சான் வண்டி மேலிருந்து, "சோறு போடுவீங்களா?" என்று கேட்டார். குமாஸ்தா ஒப்புக்கொண்டார். மச்சான் என்னைக் கேட்காமலே சம்மதம் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர்க்காரர்கள் வந்திருந்தார்கள். யுத்தக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடியது. பஸ்ஸின் பின்னால் அண்டா மாதிரி ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டுக் கொளுத்தி, கையால் சுற்றிச் சுற்றி மூட்டுவார்கள். ஆட்டக்காரர்களே மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டு வந்ததால், மைதானத்தில் இறங்கும்போது பதினோரு பேரும் கரிக்கட்டையாக இருந்தார்கள். யார் எந்த நிறச் சட்டை என்று அவர்களுக்கே தெரியவில்லை. மைதானம் என்பது ஏரிக்குப் பக்கத்தில் சரளை மண் தரை. இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, மேலே தாம்புக்கயிறு கட்டியிருந்தார்கள். நான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றேன்.

ஆட்டம் ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் ஒரு கரிக்கட்டை ஓடிவந்து உதைத்தான். பந்து என் வலது பக்கம் மேலே போயிற்று. நான் எம்பிப் பாய்ந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். ஜனங்கள் ஆவென்று கத்தினார்கள். குமாஸ்தா இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். எனக்கு ஒரே பெருமை. எழுந்தேன், பழக்க தோஷத்தில் அப்படியே திரும்பினேன், பந்தை எனக்குப் பின்னால் பத்திரமாக அடுக்கிவைத்தேன்.

விசில் ஊதிவிட்டார்கள். பெரம்பலூருக்கு ஒரு கோல்.

குமாஸ்தா என்னிடம் ஓடிவந்தார். "தம்பி, பின்னால வெக்கக்கூடாது. முன்னால எறிஞ்சிடணும்" என்றார், அழுகிற குரலில்.

"மொதல்லயே சொல்லலாமில்லீங்க?" என்றேன்.

அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆனால் அந்த ஒரு கோலில் தோற்றோம். மச்சான் மட்டும் பேசிய சோற்றை விடாமல் இருந்து சாப்பிட்டார்.

இரண்டு வருஷம் அரியலூருக்காக ஆடினேன். பிறகு திருச்சிப் பக்கத்து நூல் மில் கோஷ்டி ஒன்று எங்களோடு ஆட வந்தது. அந்தக் காலத்தில் மில்லுக்கு மில் பந்தாட்டப் போட்டி உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மில் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரத் துரை. பந்தாட்டம் என்றால் உயிர். அன்று அவருடைய ஆட்கள் எத்தனையோ உதைத்தும் என்னைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் துரை வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அடுத்த வாரம் நான் மில்லில் இருந்தேன்.

பேருக்கு நூல் சுற்றுகிற டிபார்ட்மென்டில் வேலை. முதல் நாள் அங்கே இருந்த மேஸ்திரி என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்.

"இந்தா பாரு. இங்க எதையும் தொடாதே."

"வேலை செய்ய வேணாங்களா?"

"ஒன் வெரல் மிஷின்ல மாட்டிச்சுன்னா தொர என் தலைய வாங்கிடுவாரு. ஒக்காந்து வேடிக்கை பாரு. தூக்கம் வந்தா தூங்கு. விழுந்துடாம தூங்கு."

காலையெல்லாம் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் வேலை செய்கிறவர்கள் முதலில் முறைத்தார்கள். நாங்கள் ஒரு கோப்பையை ஜெயித்துத் துரை மில்லுக்கே லட்டு கொடுத்த பிறகு, நான் தூங்கினால் விசிறக்கூட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் மைதானம். பந்தை எதிர்பார்த்து நிற்பது, விழுவது, எழுவது, முட்டியில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொள்வது. இதற்குச் சம்பளம் வந்தது. எங்கள் ஊரில் இதை யாருமே நம்பவில்லை. அப்பா மட்டும் அடிக்கடி, "பந்தப் புடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடுறியாமே, அப்பறம் எதுக்குப் புடிக்கிறே?" என்று கேட்பார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெரம்பலூரை ஒட்டிய ஊர். பருத்தியும் வெங்காயமும் நிறைய விளைகிற குடும்பம். பேசி முடிக்கப் போனவர் மச்சான். நான் போகவில்லை, மேட்ச் இருந்தது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். மச்சான், "கோல் கீப்பருங்க" என்றார்.

"என்னது, கேட் கீப்பரா? ரயில்வேயிலயா?"

மச்சான் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்று பிறகு எத்தனை தடவை கேட்டும் அவர் சொன்னதில்லை. பெண்வீட்டார் மேல்கீழாக ஆட்டியதாக எடுத்துக்கொண்டார்கள்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டும் என்றால் அரியலூருக்கு வர வேண்டும். அந்த மண்ணில் ரயில்வே மாப்பிள்ளை என்றால் கலெக்டருக்கு ஒரு படி கீழே. என் மாமனார் அதுவரை ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. கேட் கீப்பர் என்றால் ரயிலையே நிறுத்துகிறவர் என்று அவராக முடிவுசெய்துகொண்டு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாது. தாலி கட்டிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். பெண்ணின் சித்தப்பா பக்கத்து இலையில் உட்கார்ந்து மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தார்.

"மாப்ளைக்கு டூட்டி ராத்திரியா பகலா?"

"சாயங்காலம் மட்டுந்தாங்க."

"பரவால்லியே. ஒரு நாளைக்கு எத்தனை வரும்?"

"அது சொல்ல முடியாதுங்க. சில நாளு ரெண்டு மூணுதான் வரும். சில நாளு மூச்சு விட முடியாது, ஒன்னு போனதும் ஒன்னு வந்துக்கிட்டே இருக்கும்."

"அத்தனையும் நிறுத்திடுவீங்களா?"

"முடிஞ்ச வரைக்கும் நிறுத்துவேங்க. என்னையும் மீறி ஒன்னு ரெண்டு உள்ள போயிடும்."

சித்தப்பா சாம்பார் வாளியைத் தாண்டி என்னை எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ! போனா?"

"ஜனங்க சத்தம் போடுவாங்க. அப்பறம் நடுவுல கொண்டுபோய் வெச்சு மறுபடியும் ஆரம்பிச்சுடுவோம்."

"கொண்டுபோயி வெப்பீங்களா! எப்படி?"

"கையாலதாங்க."

எதிர் இலையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "வேகமா வர்றப்ப எப்படிங்க நிறுத்துறது?"

"நெஞ்சுல வாங்கிக்கணுங்க. பயந்து கண்ண மூடினா போச்சு."

பிறகு பாயசம் எனக்கு மூன்று தடவை வந்தது. கை கழுவப் போனபோது ஒரு கிழவர் வந்து என் நெஞ்சை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பந்தாட்டத்தின் மேல் இந்த ஊருக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தூரத்தில் மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அக்காளைக் கட்டிக்கொண்ட நாள் ஞாபகம் வந்து அழுகிறார் என்று நினைத்தேன்.

மில் லைன் வீட்டில் குடித்தனம் வைத்த முதல் வாரம் என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, ரயில் சத்தமே கேக்கலியே? ஒங்க கேட்டு எங்க இருக்கு?"

அவள் சொன்ன விவரத்தைக் கேட்ட பிறகுதான் பந்தியில் நான் பேசியது எனக்கே புரிந்தது. அன்று சாயங்காலம் அவளை மைதானத்துக்கு அழைத்துப்போய் இரண்டு கம்பத்தைக் காட்டினேன்.

"இதுதான்."

"கதவே இல்லியே."

"கதவு நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்தபோது காரியத்தில் கண்ணாக இருந்தாள்.

"அப்பாகிட்ட இப்பச் சொல்ல வேணாம். ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு. மானம் போயிடும்."

"எப்பச் சொல்றது?"

"அவராக் கேக்குறப்ப."

மச்சானின் தலையாட்டலுக்கு என் மனைவியின் வாய் எவ்வளவோ மேல். பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கதையோடு போவாள். ஒரு தடவை போய், துரையே என் கையைப் பிடித்துக் குலுக்கியதாகச் சொன்னாள். அது உண்மை. "எத்தனை வந்துது அன்னிக்கு?" என்று மாமனார் கேட்க, "ஒன்னையும் விடல அப்பா" என்றாளாம். அதுவும் உண்மை. தான் கடைசி வரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று இன்றைக்கும் சாதிப்பாள்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், பொங்கல் லீவில் மில் கோஷ்டி சுற்றுப்பயணம் கிளம்பியது. முதல் ஆட்டம் பெரம்பலூர். மாமனார் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். வயிற்றுவலி என்று கேப்டனிடம் சொன்னேன்.

"தொர வர்றாரு. வவுத்த அவருகிட்ட காட்டு" என்றார்.

சரி, தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, முகத்தில் கொஞ்சம் மண்ணையும் பூசிக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மைதானத்தில் இறங்கினோம். இரண்டு கோஷ்டியும் வரிசையாக நின்றோம். ஆட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார் என்றார்கள். சரிகை அங்கவஸ்திரம் போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு தலைமை தாங்குகிறவர் வந்தார். என் மாமனார்.

அரைக்கால் சட்டையில் நான் நின்றேன். அவர் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டே வந்து, என் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை. குனிந்து முண்டாசுக்குக் கீழே பார்த்தார்.

"மாப்ளை?"

"ஆமாங்க மாமா."

"லீவுல வந்தீங்களா?"

"இல்லீங்க. டூட்டி."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் துரை நின்றதால் மேலே பேசவும் முடியவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நிழலுக்காக நாற்காலிகளை வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். அது என் கோலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

பெரம்பலூர் சென்டர் பார்வர்டு முதல் பந்தை உதைத்தான். நெஞ்சில் வாங்கினேன். அடுத்ததைப் பாய்ந்து பிடித்தேன். முண்டாசு அவிழ்ந்து பறந்தது. அவ்வளவுதான், ஊருக்கே என்னைத் தெரிந்துவிட்டது. சித்தப்பாவின் குரல் கேட்டது.

"அண்ணே, நம்ம ரயில்வே மாப்ளை இல்ல இது? இங்க என்னா பண்றாரு?"

எல்லார் தலையும் மாமனார் பக்கம் திரும்பியது. எனக்கு முன்னால் பந்து, காதெல்லாம் பின்னால். மாமனார் அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரயிலையே நிறுத்துறவருய்யா அவரு. இந்தப் பந்து எம்மாத்திரம்? அதான் மில்லுல கூப்புட்டுருக்கான்."

"ஓகோ" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். நான் மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறேன், தலைமை தாங்குகிறவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, கோட்டோரமாக, வெயிலில் வந்துகொண்டிருக்கிறார். இரண்டு பேர் வாங்கப் போனார்கள். கொடுக்கவில்லை. என் கோலுக்குப் பின்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் பெரம்பலூருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதுவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. சென்டர் பார்வர்டு பந்தை வைத்தான். ஊரே எழுந்து நின்றது. நான் குனிந்து நின்றேன்.

பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். "மாப்ளை, அவன் எப்பவுமே எடது பக்கந்தான் ஒதைப்பான். எங்க ஊருப் பய. எனக்குத் தெரியும்."

அவர் எந்த இடதைச் சொல்கிறார், அவனுக்கு இடதா எனக்கு இடதா என்று கேட்க நேரம் இல்லை. விசில் ஊதிவிட்டார்கள். அவன் நேராக என் நெஞ்சுக்கே உதைத்தான். நான் இரண்டு இடதையும் யோசித்துக்கொண்டு நகராமல் நின்றதால் பந்து வந்து என் மேலே அடித்தது. அணைத்துக்கொண்டு விழுந்தேன்.

ஊர்க்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் கை தட்டினார்.

"ஏங்க, நீங்க நம்ம ஊருக்காரரு!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஊருக்காரன்தான்யா. அதுக்காக பொண்ணக் குடுத்த எடத்த விட்டுக்குடுக்க முடியுமா?" என்றார் மாமனார்.

அன்று சாப்பாடு அவர் வீட்டில்தான். இலை எடுத்த பிறகு என்னை மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப்போனார்.

"உள்ளதச் சொல்லுங்க மாப்ளை. ரயில்வே இல்லியா?"

"இல்லீங்க மாமா."

"ஒரு நாளுகூட?"

"டிக்கெட் வாங்கிப் போயிருக்கேன்."

எருமையின் முதுகைத் தடவிக்கொண்டு யோசித்தார். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"பந்து புடிக்கிறதுக்கு மட்டுமா சம்பளம்?"

"ஆமாங்க."

"லீவு உண்டா?"

"பந்து கிழிஞ்சா உண்டுங்க."

வயிற்றில் எங்கேயோ தொடங்கி, தோள் குலுங்கி, கடைசியில் எருமை மிரளுகிற மாதிரி சிரித்தார். என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "நீங்க கேக்கவே இல்லியேப்பா" என்றாள். மறுநாளே ஊருக்குள் புதுச் செய்தி பரவியது. ரயில்வேயில் என்னை விடமாட்டேன் என்றார்களாம், துரைதான் கெஞ்சிக் கூத்தாடி மில்லுக்கு இழுத்துக்கொண்டாராம். நான் அதை மறுக்கவில்லை. மறுத்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அதன் பிறகு அவர் பந்தாட்டப் பைத்தியம் ஆனார். அரியலூரில் நாங்கள் ஆடினாலும் திருச்சியில் ஆடினாலும் வெங்காய மூட்டையோடு வந்து இறங்குவார். மூட்டை கோஷ்டிக்கு. ஆப்சைடு என்றால் என்ன என்று கடைசி வரை அவருக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கு எதிராக எது நடந்தாலும் ஆப்சைடு என்று எழுந்து நின்று கத்துவார். ஒரு தடவை மழை வந்தபோதும் அப்படித்தான் கத்தினார்.

சுதந்திரம் வந்து, துரை ஊருக்குக் கப்பல் ஏறினார். எனக்கும் முட்டி தேய்ந்துகொண்டு வந்தது. விழுந்தால் எழ நேரமானது. மில்லுக்குப் புதிதாக ஒரு கோல் கீப்பரை எடுத்தார்கள். லப்பைக்குடிக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன். எங்கள் சாதி சனம்தான், ஆற்றங்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். நீளக் கை, பூனை மாதிரி பாய்ச்சல். முதல் தடவையாக நான் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொடையில் வைத்தேன், கக்கத்தில் வைத்தேன். உதைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு தானாக முன்னால் போயிற்று.

அன்றைக்கென்று மாமனார் மூட்டையோடு வந்து நின்றார். கோலில் வேறு ஆளைப் பார்த்தார். பெஞ்சில் என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, தன் வெற்றிலைப் பெட்டியை என் கையில் வைத்தார். கைக்கு ஒரு வேலை கிடைத்தது. பாக்கு வெட்டிக்கொண்டே ஆட்டம் பார்த்தேன்.

புதியவன் ஒன்றைத் தாவிப் பிடித்தான். மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். இரண்டாவதைக் கம்பத்தோரமாக விரல் நுனியில் தட்டிவிட்டான். மாமனார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவதை எதிராளியின் காலடியிலேயே விழுந்து பறித்துக்கொண்டு எழுந்தான். நான் எனக்கு ஆறுதலாக அவர் ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"பய நல்லாத்தான் புடிக்கிறான்" என்றார்.

"ஆமாங்க மாமா."

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். என் காதருகே வந்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

அவருக்கு இன்னொரு பெண் இருந்தாள், என் மனைவிக்கு நேர் இளையவள். அந்த வருஷம் அவளுக்கு மும்முரமாக இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மச்சான் மாதிரி மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் தலையை ஆட்டிவைத்தேன். அவர் அதைத் தனக்கு வேண்டிய பக்கமாக எடுத்துக்கொண்டு, ஆட்டம் முடிகிற வரைக்கும் பொறுக்காமல், வெங்காய மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கோலுக்குப் பின்பக்கமாக நடந்தார்.

தை பிறந்ததும் அவன் எனக்குச் சகலை ஆனான்.